குதிகாலும் வாசப்படியும்

ஜனவரி 6

பனி. எட்டு மணி வரைக்கும் எதிர் வயல் தெரியலை. கட்டிலை விட்டு இறங்கி வச்ச முதல் அடியிலயே இடது குதிகாலுக்கு மேல சுருக். சுவரைப் பிடிச்சுக்கிட்டுதான் நடை.

கள்ளக்குறிச்சி போய் பிசியோ ஃபரிதாவைப் பார்த்தேன். கெண்டைக்காலையும் குதிகாலையும் இணைக்கிற தசைநாண் வீங்கியிருக்காம். காரணம் நானேதான். பதினோரு வருஷம் ஓடாம இருந்துட்டு, முப்பத்தஞ்சு வயசுக்கு மேற்பட்டவங்களுக்கான மாவட்டப் போட்டி, ஐயாயிரம் மீட்டர்ல முதலாவதா வந்ததும் தலைகால் புரியலை. மறு வாரமே வெள்ளிமலை ரோட்டுல ஏத்தம், தினமும். தூரம் ரெண்டு மடங்கு.

மாநிலப் போட்டி மார்ச் 21. அதுக்குள்ள சரியாகணும்.

ஃபரிதா சொன்னது:
– ஓட்டம் கொஞ்ச நாள் கட். நடக்கலாம்.
– படி நுனியில முன்பாதம் மட்டும். ரெண்டு காலாலயும் எம்பி, இடது காலால மட்டும் மெதுவா, குதிகால் படிக்குக் கீழ போற வரைக்கும் இறங்கணும். 15 × 3. காலை, மாலை.
– எண்ணெய் போட்டு அழுத்தி நீவக் கூடாது.
– வலி மறைய ஊசி போட்டுக்கிட்டு ஓடவே கூடாது. நாண் அறுந்துடலாம்.

வாங்க வேண்டியது: கோதுமை மாவு, அத்தைக்கு வெத்தலை.

ஜன. 7

வீட்டுல இருக்கிறது ஒரே ஒரு படி, வாசப்படி. ஏறி நின்னு மூணு எண்ணலை, அத்தை வந்துட்டாங்க. மகாலட்சுமி வர்ற வழியாம். "மருமவ வாசப்படியில நின்னுக்கினு ஆடனா வூடு வெளங்குமா?"

எதுக்குன்னு நான் சொல்லலை. சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு ஒரு வீம்பு. சமையலறைத் தரையிலயே எம்பி எம்பி முடிச்சேன். எம்புறதுதானே.

ஜன. 28

வெயில். கண் மருந்து வாங்கணும்னு அத்தையும் பஸ்ல கூட வந்தாங்க.

மூணு வாரம் ஒரு நாள் விடலை, வலி அப்படியேதான்னு ஃபரிதாகிட்ட புலம்பினேன். செஞ்சு காட்டச் சொன்னாங்க. காட்டினேன். படி எங்கன்னு கேட்டாங்க. தரையில செஞ்சா குதிகால் கீழ இறங்கவே இறங்காதாம், இறங்குறதுலதான் வைத்தியமே இருக்காம். வாசப்படி விஷயத்தைச் சொல்ல வேண்டியதாப்போச்சு. பக்கத்துல அத்தை, தலையைக் குனிஞ்சுக்கிட்டு.

இனிமே தொடங்கி பன்னெண்டு வாரமாவது ஆகும். மார்ச்ல ஓட முடியாது.

வீடு திரும்பும்போது சங்கராபுரம் பஸ்ல ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு அழுதேன். கோபம் பாதி அவங்க மேல, பாதி என் மேல.

ஜன. 29

விடியும்போதே புழக்கடையில சத்தம். அத்தை ரெண்டு ஹாலோ பிளாக்கைப் போட்டு, கலவை குழைச்சுப் பூசிக்கிட்டு இருக்காங்க. பிடிச்சுக்க வசதியா சுவரை ஒட்டி.

"வாசப்படிதான ஆவாது. இது கல்லு. நாளைக்குக் காஞ்சிடும், ஏறி நில்லு, நான் எண்ணறேன்." மறுபடி பூசிக்கிட்டே, "என்னாண்ட சொல்லியிருக்கலாமில்ல?"

சொல்லியிருக்கலாம்தான். டீ போட்டுக் கொண்டு போய்க் கொடுத்தேன். அம்மா போன பிறகு எனக்காக யாரும் இப்படி முதுகு வளைச்சதில்லை. மனசு நிறைஞ்சுபோச்சு.

பிப். 20

தினம் ரெண்டு வேளை அத்தை எண்ணுறாங்க. பதினஞ்சுக்குப் பதினாறு எண்ணிடுவாங்க, கேட்டா ஜாஸ்தியானா தப்பில்லையாம். வலி கம்மி.

கூட ஓடின ஒருத்தர் போன். உளுந்தூர்பேட்டையில ஊசி போடறவர் இருக்காராம், போட்டி அன்னிக்கு ஒரு நாள் வலியே தெரியாதாம். மத்தியானம் பூரா சபலம். துணி துவைச்சேன். மடிச்சேன். அப்புறம் பேரை வாபஸ் வாங்கிட்டேன். மாவட்டத்துல எனக்கு அடுத்து ரெண்டாவதா வந்தவ போகட்டும், பேரு சின்னப்பொண்ணு. வெள்ளிமலைக்காரி, சாமை வயல்ல வேலை. போன்ல சொன்னதும், "பை புடிச்சிக்கினு கூட வரணும் நீ, இல்லன்னா நான் போவல"ன்னா.

மார்ச் 21

பை பிடிச்சேன். சின்னப்பொண்ணு நாலாவது. பொறாமை இருந்துச்சு, பொய் சொல்லப்போறதில்லை. கடைசிச் சுத்துல தொண்டை கிழியக் கத்தினதும் நான்தான்.

வலியில்லாம பஸ் ஏறி இறங்கினேன், கால் நல்லாத்தான் இருக்கு. வீட்டுல அத்தை, பிடுங்கின வேர்க்கடலைச் செடியை மலையாட்டம் குவிச்சு காய் ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தாங்க. எத்தனாவதுன்னு கேட்டாங்க. சொன்னேன். பக்கத்துல உட்கார்ந்து நானும் ஆய்ஞ்சேன்.

"அடுத்த வருசமும் இதே மாசந்தானா?"

ஆமான்னேன்.

"அப்ப கார்த்திகையிலியே வெதச்சா மாசியிலியே வேல முடிஞ்சிடும். நீ அங்க ஓடுவ, நான் இங்க மல்லாட்ட புடுங்கிக்கினு இருக்கணுமா? நானும் வந்து பாக்கறேன்."