எனக்குப் பொருந்தாத மூன்று கல்லூரிகள்

2025 பெப்ரவரி 11

கெம்பஸ் கிடைக்காதவளுக்கு ஆறுதல் சொல்ல ஹாலிஎலையில் ஆளுக்குப் பஞ்சமில்லை. இன்று பஸ்ஸுக்கு நின்றபோது தோட்டத்தில் எங்களுக்கு அடுத்த லயத்து வரிசை வீட்டுக் கலாராணி அக்கா பிடித்துக்கொண்டார். "கவலப்படாத நிஷா, தையல் படிச்சாலும் பொழச்சிக்கலாம்." பல்கலைக்கழகம் போகப் போதாத என் ஏ.எல். பரீட்சை முடிவை என்னைவிட அவர்தான் நன்றாக மனப்பாடம் செய்திருக்கிறார்.

பின்னேரம் ஜெஸ்டின் ஃபாதர் கூப்பிட்டனுப்பினார். கோயிலுக்கு ஓர் உதவித்தொகை வந்திருக்கிறதாம். மலைநாட்டில் தங்கிப் படிக்கிற சின்னக் கலைக் கல்லூரிகள் மூன்று. இலக்கியம், வரலாறு, தத்துவம், கொஞ்சம் விஞ்ஞானம் என்று எல்லாவற்றையும் கலந்து படித்துப் பட்டம் வாங்கலாம். எதில் சேர்ந்தாலும் செலவு அவர்களுடையது. மார்ச் கடைசிக்குள் ஒன்றைச் சொல்லாவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

"போய்ப் பாரும்மா. எது ஒனக்குப் பொருந்துதோ அத எடு" என்றார்.

பொருந்துவதாம். செருப்புக் கடையா இது?

எனக்கு வேண்டியது ஒன்றுதான். நான் வாயைத் திறந்தால், லயத்துப் பிள்ளை பேசுகிறது என்று கேட்காமல், என்ன சொல்கிறேன் என்று கேட்கிற ஓர் இடம். அப்படி எங்காவது இருக்கிறதா? இருக்காது. போய்ப் பார்த்துவிட்டு வந்து திட்டலாம்.

பெப்ரவரி 16

அம்மா, என்னோடு கல்லூரி பார்க்க வரும் அப்பாவின் வெள்ளைச் சட்டையை மூன்று தடவை தேய்த்துவிட்டாள். படிக்கப் போவது நானா அவரா?

பெப்ரவரி 18

முதல் கல்லூரி. எல்ல டவுனுக்குப் பக்கத்தில் ஒரு மலை உச்சி. இதற்கு நான் வைத்த பெயர் பாய்க் கல்லூரி. அங்கே மேசை இல்லை, நாற்காலி இல்லை. எல்லோரும் பாயில் வட்டமாக உட்கார்ந்து தங்கள் மனநிலையைச் சொல்கிறார்கள். ஒருவன் தான் இன்று மேகம் போல உணர்வதாகச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. கைதட்டக் கூடாதாம், விரலைச் சொடுக்க வேண்டுமாம். சொடுக்கினார்கள்.

தலைவி கொழும்புக்காரி, ரொஷானி. "மேடம்னு கூப்பிடாதீங்க, இங்க எல்லாரும் சமம். ரொஷானின்னே கூப்பிடுங்க" என்றார். அப்பா, "சரிங்க ரொஷானி மேடம்" என்றார்.

அப்பா உட்காரவில்லை. தோட்டத்து ஆபீஸில் மேனேஜர் தொரை முன்னால் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அப்பா சின்ன வயதிலிருந்து தேயிலை ஃபெக்டரியில் வேலை. பெரிய ஆள் ஒருவர் பேசினால் அவர் நிற்பார், அவ்வளவுதான். பேங்கிலும் நிற்பார், டொக்டரிடமும் நிற்பார். பாயில் உட்கார்ந்தாலும் தொரை தொரைதான் என்பது அவர் எண்ணம். உட்காருங்கள் உட்காருங்கள் என்று வட்டமே கெஞ்சியது. அவர் சிரித்துக்கொண்டே நின்றார். உடனே ரொஷானி பிள்ளைகளைப் பார்த்து, நாம் எதை உடைக்க வேண்டும் என்பதை இந்த ஐயா நமக்குக் காட்டுகிறார் என்று விளக்கம் கொடுத்தார். எனக்குக் காது சுட்டது.

என்னைப் பேசச் சொன்னார்கள். தேயிலைக் கொழுந்து பறித்த அனுபவத்தைச் சொல்லவேண்டுமாம். நான் பறித்ததில்லை, அம்மா என்னை மலைப்பக்கம் அண்ட விட்டதில்லை என்றேன். அதற்கும் சொடுக்கினார்கள்.

ஆனால் நூலகம்! கண்ணாடிச் சுவர், அதற்கப்பால் பள்ளத்தாக்கு. அதைப் பார்த்து வாயைப் பிளந்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன். பிளந்தேன்.

பெப்ரவரி 25

இரண்டாவது, மணிக் கல்லூரி. பெண்களுக்கு மட்டும். சாப்பிட மணி, ஜெபிக்க மணி, பேச மணி, பேச்சை நிறுத்த மணி. எங்கள் தோட்டத்தில் காலையில் ஆட்களைப் பிரித்து அனுப்புகிற பெரட்டுக்கூட இதைவிடக் கலகலப்பு.

தாழ்வாரத்தில் ஒரு பிள்ளையிடம், "இங்க என்ன படிக்கப் பிடிக்கும்?" என்று கேட்டேன். அவள் முதலில் வோர்டனைப் பார்த்தாள். பிறகு, "எல்லாமே பிடிக்கும்" என்றாள். பாவம்.

அதிபர் அம்மாவின் அறையில் எனக்கு ஒரு கதிரை போட்டார்கள். அப்பா நின்றார். இங்கே யாரும் கெஞ்சவில்லை, நிற்பதை யாரும் பார்க்கவே இல்லை. "பிள்ளை அடக்கமா?" என்று அப்பாவிடம் கேட்டார் அந்த அம்மா. "ரொம்ப அடக்கங்க" என்றார் அப்பா. என் அப்பா பொய் சொல்லி நான் கேட்டது இன்றுதான்.

அம்மாவுக்கு இந்த இடம்தான் பிடித்திருக்கிறது. சுற்றிலும் மதில் இருக்கிறதாம்.

மார்ச் 5

மூன்றாவது. வெலிமடைக்கு அந்தப்பக்கம் ஒரு பழைய பங்களா. கூரை ஒழுகி நடு ஹோலில் வாளி வைத்திருந்தார்கள். நூலகம் முன்பு கார் நிறுத்திய கொட்டில், உள்ளே ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. ஒழுகல் கல்லூரி. இதற்கு ஒரு தலைவர் வேறு, அஸ்ஹர் சேர். அவரோடு ஒரு மாணவன் பரீட்சைக்குப் புள்ளி போட்டது சரியில்லை என்று எங்கள் முன்னாலேயே சண்டை பிடித்துக்கொண்டிருந்தான். விருந்தாளிகள் வந்திருக்கிறார்களே என்ற வெட்கம் இருவருக்கும் இல்லை.

அப்பா வழக்கம்போல நின்றார். அஸ்ஹர் சேர் ஒருதரம் பார்த்தார். எழுந்தார். "வாங்க, மரக்கறித் தோட்டத்துப் பக்கம் நடந்துக்கிட்டே கதைப்போம்" என்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வந்தவரை உட்காரவைக்கத் தெரியாத கல்லூரி.

என்னை ஒரு வகுப்பில் விட்டார்கள். தேயிலைத் தோட்டங்களின் எதிர்காலம் பற்றிப் பேச்சு. நானும் சொன்னேன்: தோட்டத்தைவிட்டு வெளியே போவது ஒன்றுதான் வழி, மிச்சமெல்லாம் பேச்சு. சொடுக்கு வரும் என்று நினைத்தேனா? தெரியவில்லை. ஸகீனா என்று ஒருத்தி, பண்டாரவளைக்காரி, கையைக்கூட உயர்த்தாமல் கேட்டாள்.

"எல்லாரும் போயிட்டா அந்த ஊர் யாருக்கு?"

"அங்க இருந்து பாத்தாத்தான் அது தெரியும்" என்றேன்.

"இருந்து பாத்தவங்க எல்லாரும் ஒரே மாதிரியா நினைக்கிறாங்க? உங்க வாப்பா என்ன சொல்றாரு?"

அப்பாவை வேறு இழுக்கிறாள், திமிர் பிடித்தவள். இவளுக்கு லயம் எந்தப்பக்கம் என்றாவது தெரியுமா? கஷ்டப்பட்டவளிடம் இப்படியா பேசுவது? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மார்ச் 9

பாய்க் கல்லூரிதான். ஃபாதரிடம் அடுத்த ஞாயிறு சொல்லிவிடுவேன். பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு படித்தால் சொடுக்கையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

மார்ச் 13

மாமா மகன் ரஜீவ் போனை நீட்டினான். "மாமா பேஸ்புக்ல வந்துட்டாரு."

பாய்க் கல்லூரியின் பக்கம். வட்டமாக எல்லோரும் உட்கார்ந்திருக்க, நடுவில் வெள்ளைச் சட்டையோடு அப்பா நிற்கிற படம். கீழே, "இருநூறு ஆண்டு அடிமைத்தனம் இன்னும் இந்த உடலில் நிற்கிறது. கற்றதை மறக்கக் கற்போம்." இதயம் இதயமாகப் போட்டிருக்கிறார்கள். படம் எடுத்தது எனக்கே தெரியாது. யாரைக் கேட்டு எடுத்தார்கள்? யாரைக் கேட்டுப் போட்டார்கள்? சமமாம். த்தூ.

அம்மா, "சட்ட நல்லாத் தெரியுதுல்ல" என்றாள். அப்பா போனை வாங்கி மெதுவாக எழுத்துக்கூட்டி வாசித்தார். திருப்பிக் கொடுத்தார். வெளியே போய்க் கைகழுவிவிட்டு வந்து கேட்டார்: "நான் நின்னது தப்பாம்மா? ஒனக்கு எடம் இல்லாமப் போயிருமா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எல்ல வரைக்கும் நடந்தே போய் அந்தக் கண்ணாடியை உடைத்திருப்பேன். இல்லப்பா, இல்லப்பா என்றேன்.

மார்ச் 14

படத்தை எடுக்கச் சொல்லி எழுதினேன். என் வலியை மதிப்பதாகப் பதில் வந்தது. படம் அங்கேயே இருக்கிறது.

மார்ச் 20

அப்பாவிடம் கேட்டேன், அந்த வெலிமடை மனுசனோடு நடந்தபோது என்ன பேசினீர்கள் என்று. "லீக்ஸ் போட்டிருக்காரு. பூச்சி விழுந்துருச்சாம். அப்பறம் ஒன்னப் பத்திக் கேட்டாரு. சண்ட போடுவாளான்னாரு. போடுவான்னேன். சந்தோசப்பட்டாரு."

மணிக் கல்லூரியில் அடக்கம் என்று சொன்ன அப்பா, வெலிமடையில் உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

அவரை உட்காரவைக்கத் தெரியாமலா அந்த மனுசன் எழுந்தார்? எவ்வளவு மண்டு நான். நிற்கிறவரோடு தானும் நின்றார், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஸகீனாவும் அப்படித்தான். என் கஷ்டத்துக்கு ஒரு சலுகையும் தரவில்லை, நான் சொன்னதற்கு நேராகப் பதில் கேட்டாள். என்னைத் தப்பு என்று சொல்ல வேறு யாராவது இதுவரை மெனக்கெட்டிருக்கிறார்களா?

மார்ச் 23

பூசை முடிந்ததும் ஃபாதரிடம் சொன்னேன். அவர், "அங்க கூர ஒழுகுமே?" என்றார். தெரியும் என்றேன். வீட்டில் சொன்னதிலிருந்து, இரண்டு நாளாக, அம்மா பேசவில்லை. மதில் இல்லையாம்.

மே 20

ஒழுகல் கல்லூரி. வாளி இப்போது என் கட்டிலுக்குப் பக்கத்தில். பருப்பு என்று ஒரு மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறார்கள். தத்துவப் பாடம் எடுப்பவர் கொட்டாவி விட்டுக்கொண்டே நடத்துகிறார். மனதாரத் திட்ட நிறைய இருக்கிறது.

ஜூன் 8

வகுப்பில் மறுபடி அதே விவாதம். மறுபடி ஸகீனா. மறுபடி தோற்றேன். பின்னேரம் அப்பாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"அங்க எப்படிம்மா?"

"எல்லாரும் சண்ட போடுறாங்கப்பா. நான் சொன்னா ஒருத்தரும் ஒத்துக்க மாட்றாங்க."

"அழுதியா?"

"இல்ல. திருப்பிச் சொன்னேன்."

"அப்படி என்னதான் சொன்ன? சொல்லு, நானும் கேக்குறேன்."

சொன்னேன். தோட்டத்தைவிட்டுப் போக வழியில்லாதவர்கள்தான் அங்கே இருக்கிறார்கள், வழி கிடைத்தால் ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்று.

"அது தப்பும்மா" என்றார்.

அப்பா யாரையும் தப்பு என்று சொல்லி நான் கேட்டதில்லை. தொரையை, கங்காணியை, கடைக்காரனை, என்னை, யாரையுமே.

"எனக்கு வழி இருந்துச்சு. கொழும்புல கட வேல வந்துச்சு, ரெண்டு தடவ. நாந்தான் போகல. ஏன்னு யாரும் கேக்கல. நீயும் கேக்கல. இப்ப சொல்றேன், கேளு."

பாதியில் அவருடைய ஃபோனில் சார்ஜ் முடிந்து லைன் அறுந்தது. நான் எடுப்பதற்குள், யாரிடமோ ஃபோன் வாங்கி, மிச்சத்தைச் சொல்ல அவரே மறுபடி எடுத்தார்.