எதிர்ப்பக்கமாக நடப்பது

மார்கழி, செவ்வாய் இரவு

இன்றும் சைனிக்புரிப் பூங்காவில் எல்லோரும் சுற்றுகிற பக்கத்துக்கு எதிராகவே நடந்தேன். காலனிச் செயலாளர் வழிமறித்தார். "அங்கிள், உல்டா நக்கோ!" எதிராக நடக்கக் கூடாதாம்.

"கைக்கு?" என்று அவர் பாஷையிலேயே காரணம் கேட்டேன்.

எல்லோரும் போகிற பக்கம்தான் போக வேண்டுமாம். முடியாதென்றால் நாளை முதல் வரவே வேண்டாமாம்.

வீட்டில் மருமகளும் அவர் கட்சி. "இப்பதான் மாமா சர்க்கரை இறங்கியிருக்கு. அந்தப் பக்கம் நடந்தா காலு தேஞ்சிடுமா?"

அந்தப் பக்கம் நடந்தால் வெறும் முதுகுகள். எதிராக நடந்தால் பனிக்குள்ளிருந்து ஒவ்வொரு முகமாக மிதந்து வருகிறது. மனைவி போன பிறகு என்னைப் பார்த்து நாலு பேர் சிரிப்பது அங்கேதான். இதை அந்த ஆளிடம் சொல்வேனா? மாட்டேன்.

நாளையும் போவேன், எதிராகத்தான். கண்ணை மூடினால் இப்போதே பனி இறங்குகிறது. யாரோ வருகிறார்கள். முகம் இன்னும் தெரியவில்லை.