டிரைவர் பக்கத்துக் கரி

புதுக்கோட்டை, ஜூன் 1942

மச்சானுக்கு சலாம்.

இங்கு எல்லோரும் சுகம். ரங்கூனில் குண்டு விழுந்ததிலிருந்து பர்மாத் தபால் நின்றுவிட்டது, அதனால்தான் உங்கள் கடிதம் வரவில்லை என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிவருகிறேன்.

நீங்கள் செய்த தகர எஞ்சின் பொம்மை பத்திரமாக இருக்கிறது. ஒவ்வொரு லீவிலும், பர்மாவில் நீங்கள் ஓட்டும் ரயில் எஞ்சினில் புதிதாய் விழுந்த கீறலையும் துருவையும் அதில் அப்படியே தீட்டுவீர்களே, நேற்றுவரை அந்தக் கோலத்திலேயே இருந்தது.

நேற்று, உங்கள் எஞ்சினில் கரி அள்ளிப்போடும் ஃபயர்மேன் ஜப்பார் அண்ணன் வந்தார். பர்மாவிலிருந்து நடந்தே வந்தாராம்; காலெல்லாம் புண். "அவுக எங்கண்ணே?" என்று கேட்டேன். தகர எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, கொஞ்சம் வெளக்குக் கரி குடு."

கொடுத்தேன். நீங்கள் நின்று ஓட்டும் பக்கம் முழுவதையும் எரிந்ததுபோல் கறுப்பாக்கினார். கைகூடக் கழுவாமல் போய்விட்டார்.

"என்னடி அது?" என்றார்கள் உங்கள் உம்மா.

"அழுக்கு மாமி" என்றேன்.

மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, உங்கள் டப்பாவிலிருந்த பச்சைப் பெயிண்டை அடித்துவிட்டேன். அந்த எஞ்சினில் கறை தீட்ட உங்களைத் தவிர யாருக்கும் உரிமையில்லை. அவர் தீட்டியது உண்மையென்றால், நீங்களே வந்து தீட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி