ஷீலாவுக்கு வைத்த பழம்

11 ஜனவரி 1999, திங்கள்

இன்று மத்தியானம் ஆபீஸ் சாப்பாட்டு மேஜையில் நான்தான் மகாராணி. என் ஒன்பது வயசுப் பிள்ளை ஷீலா பள்ளி விட்டு வந்து தனியாக என்ன சாப்பிடுகிறாள் என்று அக்கவுன்ட்ஸ் ருக்மிணி மேடம் கேட்டார்கள். கேட்டதுதான் தாமதம், கொட்டிவிட்டேன். பப்பாளியை ஞாயிற்றுக்கிழமையே துண்டு போட்டு எலுமிச்சம்பழம் பிழிந்து மூடி வைத்தால் செவ்வாய் வரை ஓடும். திராட்சையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து ஃப்ரீஸரில் போட்டால் பிள்ளைகள் குல்ஃபி மாதிரி சப்பும். பேரீச்சம்பழத்தை மசித்து வறுகடலைப் பொடி சேர்த்து உருட்டி வைக்கலாம். கொய்யா மட்டும் அன்றன்றைக்குக் காலையில்தான் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துப் போகும்.

மார்ச் எட்டு மகளிர் தினத்துக்கு லேடீஸ் கிளப்பில் இதையே வந்து பேசுங்கள் மேரி என்றார்கள். வேலைக்குப் போகிற அம்மாக்களுக்கு உபயோகமாக இருக்குமாம். எனக்கு மேடை ஏறிப் பழக்கமில்லை. ஆனாலும் ஆசையாக இருக்கிறது, எதற்கு மறைக்க? என் மகள் ஒரு துண்டு மிச்சம் வைப்பதில்லை. சாயங்காலம் வந்தால் டப்பா காலி.

12 ஜனவரி

டப்பாவில் மறுபடியும் எறும்பு. அடியில் சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழத்துக்கு மேல் சர்க்கரை தூவித் தின்கிறாள் கழுதை. நன்றாகத் திட்டினேன். "சரிம்மா" என்றாள், அவ்வளவுதான்.

14 ஜனவரி, வியாழன்

பொங்கலுக்கு லீவு கிடையாது. இந்த மராத்தி ஊரில் சங்கராந்தி. எதிர்வீட்டு சுமன் வைனி (அண்ணியை இங்கே வைனி என்பார்கள்) எள்ளுருண்டை கொண்டுவந்து என் கையில் வைத்து, இனிப்பாகப் பேசுங்கள் என்று வழக்கப்படி சொன்னார். பெண்களுக்கு மஞ்சள் குங்குமம் கொடுக்கிற ஹல்தி-குங்குமத்துக்கு ஒரு நாள் கூப்பிடுவேன், வர வேண்டும் என்றார். நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள் என்று அவர் பார்ப்பதில்லை, வருஷா வருஷம் கூப்பிடுவார்.

ஆகுர்டிக்கு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுச் சாவி அவரிடம்தான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஷீலா சாவியை வாங்கித் திறந்து, டப்பாவை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, நான் வரும்வரை பாடம் படிக்க வேண்டும். அடுத்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. போனாலும் வெறுங்கையோடு போகக் கூடாது. இது நான் போட்ட சட்டம். ஓசிச் சோற்றில் பிள்ளை வளர்த்தாள் என்று நாளைக்கு எவளும் என்னைச் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

19 ஜனவரி, செவ்வாய்

என்ன செய்துவிட்டேன் இன்றைக்கு.

ஆபீஸில் கரன்ட் போய், மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். படி ஏறி வந்தால் எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. சுமன் வைனி தரையில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் என்னுடைய எவர்சில்வர் டப்பா. மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெர்ரி, காலையில் ஐந்தரைக்கு எழுந்து காம்பு கிள்ளி, தேன் விட்டு நான் வைத்தது, அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருக்கிறார்.

பிள்ளை எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கத்தினேன். சின்னப் பிள்ளை வாயிலிருந்து பிடுங்கித் தின்கிறீர்களே, வெட்கமாக இல்லையா, சாவியை நம்பித்தானே கொடுத்தேன் என்று... மேல் மாடியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன். அப்போதுதான் உள்ளேயிருந்து ஷீலா வந்தாள். கையெல்லாம் பருப்பும் சோறும் நெய்யும்.

வைனி எழுந்து போய் டப்பாவைக் கழுவினார். சேலைத் தலைப்பால் துடைத்தார். மூடி என் கையில் கொடுத்தார், அதன் மேல் எங்கள் வீட்டுச் சாவியை வைத்தார். கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தேன். உள்ளே ஒரு பிடி சர்க்கரை.

20 ஜனவரி

லீவு போட்டுவிட்டேன். ஷீலாவை உட்கார வைத்துக் கேட்டேன். அழுதுகொண்டே சொன்னாள்.

போன மழைக்காலத்திலிருந்தே நடக்கிறதாம். டப்பாவை எடுத்துக்கொண்டு போய், "அம்மா உங்களுக்குக் கொடுத்துவிட்டா" என்று காகூவிடம் கொடுத்துவிடுவாளாம் (வைனியை அவள் காகூ என்றுதான் கூப்பிடுவாள்). காகூ அவளுக்குச் சூடாகச் சோறு பிசைந்து கொடுப்பாராம். கூடவே உட்கார்ந்து அவர் இந்தப் பழத்தைச் சாப்பிடுவாராம். டப்பாவைத் திருப்பும்போது சர்க்கரையோ வேர்க்கடலையோ ஏதாவது போட்டுத்தான் தருவாராம்.

ஏன்டி இப்படிப் பொய் சொன்னே என்றேன்.

"பழம் தண்டா, சில்லுன்னு இருக்கும்மா. தனியா சாப்பிட எனக்குப் பிடிக்கல. சும்மா போயி உக்காந்தா வெக்கமா இருக்கும்லா? வெறுங்கையோட போகக் கூடாதுன்னு நீதானே சொன்னே."

அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது. இது மராத்திக்காரர்கள் வழக்கம் மட்டுமா? எங்கள் பாளையங்கோட்டையிலும் அதேதானே? குழம்பு வந்த கிண்ணத்தில் அம்மா ஒரு கை அரிசியாவது போடாமல் அனுப்பியதில்லை. இத்தனை மாசம் என் டப்பாவில் சர்க்கரை வந்திருக்கிறது, நான் எறும்பைப் பார்த்தேன், பிள்ளையைத் திட்டினேன். புத்தி எங்கே போச்சு எனக்கு? நேற்று அத்தனை அசிங்கமாகப் பேசின பிறகும் அந்த மனுஷி வெறும் டப்பாவைத் தரவில்லை. அந்தச் சர்க்கரையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே மூடி வைத்திருக்கிறேன்.

22 ஜனவரி, வெள்ளி

காலையில் எங்கள் கதவுக் கைப்பிடியில் ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது. வாழைப்பழம், சிக்கு என்கிற சப்போட்டா, ஒரு முழுப் பப்பாளி. தின்றதைத் திருப்பித் தந்துவிட்டார்.

ஷீலா அப்பாவுக்கு முன்னால் அழக் கூடாது என்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

23 ஜனவரி

பெரிய தட்டில் ஆரஞ்சும் திராட்சையும் அடுக்கி ஷீலாவிடம் கொடுத்தனுப்பினேன். தொடாமல் அப்படியே திரும்பி வந்தது. வைனி கோபமாகப் பேசவில்லையாம், கன்னத்தைத் தட்டி, "எடுத்துட்டுப் போ பேட்டா" என்றாராம்.

ஷீலா அப்பா அதிகம் பேச மாட்டார். இன்றைக்குப் பேசினார். "நீ பேசுனது ஒன் வாயி. மன்னிப்பு கேக்கப் பிள்ளைய அனுப்புதியா மேரி?"

24 ஜனவரி, ஞாயிறு

எதிர்வீட்டில் ஹல்தி-குங்குமம். படியெல்லாம் செருப்பு. பட்டுச் சேலைச் சத்தம், வளையல் சத்தம். கூப்பிட யாரும் வரவில்லை. கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பி ஏறும்போது, பேசிக்கொண்டிருந்த பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பைபிளை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தேன். நல்ல ஜெபம்தான் செய்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

3 பிப்ரவரி

இப்போது சாவி ஷீலா கழுத்தில், கயிற்றில். வீட்டுக்குள் தனியாக இருக்கப் பயந்து, நான் வரும்வரை படியிலேயே உட்கார்ந்திருக்கிறாள். பழ டப்பா வைத்தது வைத்தபடி இருக்கிறது. கொய்யா கறுத்துப்போய், திராட்சை சுருங்கிப்போய். திட்டவும் வாய் வரவில்லை.

ருக்மிணி மேடம் பேச்சு தயாரா என்று கேட்டார்கள். தலையாட்டினேன்.

9 பிப்ரவரி

ஷீலா மெலிந்துவிட்டாள். டீச்சர் டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார், வகுப்பில் தூங்குகிறாளாம். நாளைக்குப் போய்விட வேண்டியதுதான். என்ன ஆனாலும்.

11 பிப்ரவரி, வியாழன்

நேற்றுப் போகவில்லை. இன்றுதான் போனேன்.

வைனி வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இந்தியில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் மிச்சமில்லை. "தப்பு எம்மேலதான் வைனி" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு நின்றேன், உட்காரச் சொல்லவில்லை.

கையிலிருந்த கீரைக்கட்டை ஆய்ந்து முடித்தார். பிறகு அவருடைய இந்தியில் மெதுவாகச் சொன்னார். அதை அப்படியே தமிழில் எழுதி வைக்கிறேன். மறக்கக் கூடாது.

"வேலைக்குப் போற பொம்பளை. என் பிள்ளைக்கு ஒருவாய்ச் சோறு போடுன்னு கேக்கக் கூச்சமா இருக்கும். அதனாலதான் பழமா அனுப்பறான்னு நினைச்சேன். வாங்கலைன்னா உன் மனசு கஷ்டப்படுமேன்னு வாங்கினேன். எனக்கு ஸ்ட்ராபெர்ரி புளிக்கும்."

நான் கேட்காததைக் கேட்டதாக நினைத்து, இத்தனை மாசம் செய்திருக்கிறார்.

வாசல்வரை வந்த பிறகு சொன்னார். "ஷீலா வரட்டும். டப்பா வேண்டாம்."

12 பிப்ரவரி

ஷீலா போனாள். சாப்பிட்டாளாம். என்னைப் பற்றி வைனி ஒன்றும் கேட்கவில்லையாம்.

26 பிப்ரவரி

படியில் எதிரெதிரே பார்த்தால் ஒதுங்கி வழி விடுகிறார். ஏதாவது சொல்ல வேண்டுமானால் ஷீலாவிடம் சொல்லியனுப்புகிறார். தண்ணீர் நாளைக்கு வராது, பிடித்து வைக்கச் சொல். இது போதும், இதற்கு மேல் ஆசைப்பட எனக்கு என்ன முகம் இருக்கிறது?

8 மார்ச், திங்கள்

பேசிவிட்டேன். போகாமலே இருந்திருக்கலாம். ருக்மிணி மேடம் பேனரில் பெயர் போட்டுவிட்டார்கள், எப்படித் தப்பிக்க?

பப்பாளி, எலுமிச்சை, உறைந்த திராட்சை, பேரீச்சை உருண்டை எல்லாம் சொன்னேன். பேனா எடுத்து எழுதிக்கொண்டார்கள். குரல் நடுங்கியதை மைக் கோளாறு என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் ஒரு பெண் எழுந்து, இதில் உங்கள் மகளுக்கு எது ரொம்பப் பிடிக்கும் என்று கேட்டாள்.

பொய் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். வரவில்லை. "எதிர்வீட்டுச் சூடான சோறும் பருப்பும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கை தட்டினார்கள். நல்ல தமாஷாகப் பேசினீர்கள் என்று ஒரு ரோஜாப்பூ கொடுத்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

27 மார்ச், சனி

அரை நாள் ஆபீஸ். காலையில் அவசரத்தில் ஒன்றும் சாப்பிடவில்லை, வெயில் வேறு. ஷீலாவைக் கூப்பிட எதிர்வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே போகவில்லை, நிலைப்படிக்கு வெளியிலேயே.

"ஜேவ்லீஸ் கா?" என்றார் வைனி.

சாப்பிட்டாயா என்று கேட்கிறார். ஷீலாவிடம் அல்ல, என்னைப் பார்த்து. ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இல்லை என்று வந்துவிட்டது.

அவர் பாய் விரிக்கவில்லை, உபசாரம் செய்யவில்லை. ஷீலா பக்கத்தில் இன்னொரு தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். ஷீலா நகர்ந்து இடம் விட்டாள். கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். நான் ஒன்றும் கொண்டு போகவில்லை. தோளில் ஆபீஸ் பை மட்டும், அதையும் வாசலிலேயே வைத்துவிட்டேன்.

சோறு, பருப்பு, ஒரு துளி நெய். தலை நிமிராமல் சாப்பிட்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் தட்டில் விழாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது. வைனி வந்து இன்னொரு கரண்டி சோறு வைத்தார். போதும் என்று நான் சொல்லவில்லை.