கேட்காமல் எடுத்த சொல்

லிந்துலை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள பிரேமினிக்கு,

மஸ்கட் வெயிலில் உன் உடம்புக்கு ஒன்றும் வரக் கூடாதென்று மாதாவிடம் வேண்டிக்கொண்டு மெரினா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். எனக்குத்தான் இரண்டு நாளாகச் சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிறது. ஃபோனில் சொன்னால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நம் எழுத்தாளர் வட்டத்தின் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. மாதம் ஒருவர் ஒரு சொல்லையும் அது பிறந்த கதையையும் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தவரைக் கேட்காமல் வேறு யாரும் அதை எழுதக் கூடாது. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பரேட் என்ற ஆங்கிலச் சொல் நம் வாயில் பெரட்டு ஆனதை நான் சொன்னேன். நீ ‘அரைப்பேர்’ கொண்டுவந்தாய். பறித்த தேயிலைக் கொழுந்து நிறை குறைந்தால் அரை நாள் சம்பளம். உன் அம்மா மலையிலேயே வலி கண்டு உன்னைப் பெற்ற அன்றைக்கும் அரைப்பேர்தான் போட்டார்கள் என்று நீ சொன்னபோது, தலைவர் யோகேஸ்வரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதே மனிதர் வெள்ளிக்கிழமை ஹட்டனில் புத்தகம் வெளியிட்டார். தலைப்பு ‘அரைப்பேர்’. உள்ளே உன் கதை. உன் பெயர் ஒரு மூலையிலும் இல்லை. சீ! அது போதாதென்று உன் அம்மா பேச்சியம்மாவை அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்து, அந்தப் பிரசவத்தை மேடையில் நடித்துக் காட்டினார். முதுகில் கூடை வேறு. முக்கினார், முனகினார். சபை சிரித்தது. நம் வட்டத்து ஜெரோமி வாய் நிறைய ரோல்ஸோடு கைதட்டினான். உன் அம்மாவும் சிரித்தார். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

நான் எழுந்து, பிரேமினியைக் கேட்டீர்களா என்றேன். வெளிநாட்டுல பாத்திரம் கழுவுறவளுக்குச் சொல்லும் கதையும் எதுக்குங்க டீச்சர் என்றார் யோகேஸ்வரன். இனி அந்த வட்டத்தின் வாசல்படி மிதிக்க மாட்டேன்.

திரும்பும்போது உன் அம்மா பொன்னாடையைச் சுருட்டி பஸ் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டார். சிரிக்காமல் இருந்தால் எல்லாரும் தன்னையே பார்ப்பார்கள் என்றுதான் சிரித்தாராம். தலவாக்கலை வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, புள்ளகிட்ட சொல்லிடாதீங்க டீச்சர், தெரிஞ்சா அது எழுதுறதையே விட்டுரும் என்றார்.

சொல்லிவிட்டேன். யோகேஸ்வரனைத் திட்டு, வேண்டுமானால் என்னையும் திட்டு. ஆனால் அந்த நாளை உன் கையால் எழுதி, உன் பெயரைப் போட்டு அனுப்பு. தோட்டத்து லயத்து வீட்டுக்கே போய் அம்மாவுக்கு நான் வாசித்துக் காட்டுகிறேன். அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள்.

மாதா உன் கையை விடாதிருக்கட்டும். நீ பேனாவை விடாதே.

உன் அன்புள்ள,
மெரினா