உங்க பேச்சைத்தான் கேப்பாங்க

பிப்ரவரி 4, செவ்வாய்

மூன்றாவது பீரியட். பின்னக் கணக்கில் பாதி வழி வந்திருந்தேன், கதவு தட்டல். பக்கத்து அறை ஆசிரியை கெஸ்லர் அம்மா, கூடவே டெமேரியஸ், அவன் கையில் வகுப்பை விட்டு வெளியே அனுப்பும் மஞ்சள் சீட்டு. "மிஸ் டிஸ்டேல், இவனைக் கொஞ்ச நேரம் உங்க அறையில உக்கார வைங்க. உங்க பேச்சைத்தான் கேப்பான்."

என்னடா செய்தாய் என்று கேட்டேன். விசிலடித்தானாம். அதற்கு ஒரு சீட்டு. காலையிலிருந்து இது மூன்றாவது. நான் எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தர வந்தவளா, டொலீடோவில் இருக்கிற கறுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் காவல்காரியா?

பிப்ரவரி 5

இன்றைக்கு நாலு.

பிப்ரவரி 12

பிப்ரவரி வந்துவிட்டால் போதும், எங்கள் ஞாபகம் வந்துவிடும். கறுப்பர் வரலாற்று மாத விழாக் குழு: நானும் ஒடெசாவும். வேறு யார்? வேறு யாரும் இல்லை. ஐம்பத்தெட்டு ஆசிரியர்களில் கறுப்பர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

நான் குட்டை, ஒடெசா ப்ரூயிட் நெடுநெடுவென்று இருப்பாள். நான் கணக்கு, அவள் அறிவியல். ஆறு வருடமாகத் தலைமையாசிரியர் ஹாலட் என்னை "மிஸ் ப்ரூயிட்" என்றும் அவளை "மிஸ் டிஸ்டேல்" என்றும்தான் கூப்பிடுகிறார். ஒடெசா திருத்துவதையே விட்டுவிட்டாள். "உன் பேரைச் சொன்னாலும் என்னன்னு கேட்டுட்டுப் போயிடுவேன்டி. தினம் சண்டை போட யாருக்கு நேரம் இருக்கு?"

பிப்ரவரி 20

தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்கான அல்ஜீப்ரா வகுப்பு கேட்டு மூன்றாம் முறையாக மனு. மூன்றாம் முறையும் மறுப்பு. ஹாலட் சொன்ன காரணம்: "உங்களை மாதிரிக் கண்டிப்பான ஆள் மத்த பிள்ளைங்களுக்குத்தான் வேணும். அல்ஜீப்ரா பிள்ளைங்களை யார் வேணும்னாலும் பாத்துக்கலாம்."

யார் வேணும்னாலும். கணிதத்தில் முதுகலை படித்தது நான். அந்த வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள், ஒரே ஒரு கறுப்புப் பிள்ளை. எனக்குத் தெரிந்தே பத்துப் பேர் அதில் உட்காரத் தகுதியானவர்கள். அவர்கள்தான் சீட்டோடு என்னிடம் வருகிறார்களே! செவிடன் காதில் சங்கு.

பிப்ரவரி 28, வெள்ளி

அடுத்த ஆண்டுக்கான படிவம் வந்தது. தொடர்வேன், தொடர மாட்டேன். இரண்டாவது கட்டத்தில் குறியிட்டேன். காப்பீட்டு அலுவலகத்தில் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் தேடுகிறார்கள். அங்கே யாரும் விசிலடிக்க மாட்டார்கள், அடித்தாலும் என்னிடம் அனுப்ப மாட்டார்கள்.

ரோஸ்கோ சிரித்தார். என் வீட்டுக்காரருக்கு என்னைத் தெரியும். "போன வருஷமும் இதையேதான் சொன்னே."

"போன வருஷம் குறி போடல. இந்த வருஷம் போட்டாச்சு."

ஒடெசா தொடர்கிறாளாம். பத்தொன்பது வருடம். "என்னை இங்கேருந்து தூக்கிட்டுத்தான்டி போகணும்" என்றாள். அவளிடம் என் படிவத்தைக் காட்டினேன். என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

மார்ச் 7

ஒரு வாரமாகிவிட்டது. ஏன் போகிறாய் என்று ஒருத்தர் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல முக்கால் மணி நேரப் பேச்சு தயாராக வைத்திருக்கிறேன்.

மார்ச் 14

இன்றும் இல்லை. ஹாலட் நடையில் எதிரே வந்தார். "பசங்களை நல்லா கட்டுக்குள்ள வச்சிருக்கீங்க" என்றார். அவ்வளவுதான். போகிறவளிடம் பேசும் பேச்சா இது?

மார்ச் 24, திங்கள்

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

மதியம் ஒடெசா செல்போனை நீட்டிக்கொண்டு வந்தாள். பள்ளியின் இணையப் பக்கத்தில் விளம்பரம்: அறிவியல் ஆசிரியர் தேவை. அவளுடைய அறை எண். கணக்கு ஆசிரியர் தேவை என்று எங்கேயும் இல்லை. என் படிவத்தை அவள் பேரிலும் அவள் படிவத்தை என் பேரிலும் ஏற்றிவிட்டார்கள்.

இரண்டு பேரும் போய் ஹாலட் முன் நின்றோம். அவர் முகம் சிவந்துபோனது. "பேர்ல ஒரு சின்னக் குழப்பம். சரி, அப்போ உங்க ரெண்டு பேர்ல யார் போறீங்க?"

ஒடெசா கார் நிறுத்துமிடம் வரை சிரித்தாள், நானும்தான். காருக்குள் உட்கார்ந்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"மூணு வாரம்டி லவோன். பத்தொன்பது வருஷம் இருந்தவ போறான்னு மூணு வாரமா நம்பியிருக்காங்க. ஒருத்தராவது வந்து ஏன்னு கேட்டாங்களா? கதவைத் தட்டினாங்க, தட்டாம இல்ல. பிள்ளைங்களைக் கொண்டாந்து விடத்தான் தட்டினாங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 27

ஒடெசா போகிறாள். நகரத்தின் அந்தக் கோடியில் ஒரு பள்ளி, தலைமையாசிரியை கறுப்பர், ஆசிரியர்களில் நம்மவர்கள் பதினொரு பேர். "அங்கே என் பேரைக் குழப்பணும்னா ரொம்பப் பாடுபடணும்" என்றாள்.

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. ஹாலட் மேல் இல்லை, அவள் மேல். போகிறவள் நான். நான்தானே போகிறவள்? அவளை இங்கே விட்டுவிட்டுப் போகலாம் என்று நான் நினைத்தது மட்டும் நியாயமா? என்ன மனுஷி நான்.

மார்ச் 31

ஹாலட் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். புதுப் படிவத்தை மேசையில் வைத்து, ஒருவழியாகக் கேட்டார்: "ஏன் போறீங்க?" இரண்டு பேரும் ஒரே வருடத்தில் போனால் மேலிடத்தில் அவருக்குத் தலைவலி, அது எனக்கும் தெரியும்.

முக்கால் மணி நேரப் பேச்சு எங்கே போயிற்றோ தெரியவில்லை. இரண்டே வாக்கியம் வந்தது. அல்ஜீப்ரா என்னுடையது, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதில் சேர்வதற்கான பரீட்சை எழுத வேண்டும். வகுப்பு நடக்கும்போது ஒரு பிள்ளையையும் என் அறைக்கு அனுப்பக் கூடாது.

"அப்போ அவங்களை எங்கே அனுப்புறது?"

"எங்கேயும் அனுப்ப வேண்டாம். பாடம் சொல்லிக்கொடுங்க."

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் முதல் கட்டத்தில் குறியிட்டேன். வீட்டில் சொன்னதும் ரோஸ்கோ தலையில் அடித்துக்கொண்டார். "ஒருத்தன் ஏன்னு கேட்டதும் விழுந்துட்டியே" என்றார். அப்படித்தானா? இருக்கலாம். எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

ஜூன் 5

ஒடெசாவின் பெட்டிகளைக் காரில் ஏற்றினோம். வழியனுப்பு கேக்கில் அவள் பேர் சரியாக இருந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

அல்ஜீப்ரா. முப்பது பிள்ளைகள், அதில் பதினொரு கறுப்புப் பிள்ளைகள். நாற்பத்தேழு நிமிடம் ஒரு தட்டல் இல்லை. ஆரம்பித்த கணக்கை முடித்தேன். இத்தனை வருடமாக மற்றவர்களெல்லாம் இப்படித்தான் பாடம் நடத்தியிருக்கிறார்கள்! வயிற்றெரிச்சல்.

ஆகஸ்ட் 28

நகல் எடுக்க அலுவலகம் போனேன். சுவரோரப் பெஞ்சில் நாலு பிள்ளைகள், நாலும் நம் பிள்ளைகள். ஓரத்தில் எட்டாம் வகுப்பு ஜனாயா, தீயணைப்பு அறிவிப்பை வாசித்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரமா இங்கே இருக்கே?"

"முதல் பீரியட்லேருந்து, மேம். நேத்தும் இங்கேதான்."

எழுத்தர் பெண் என் பக்கம் திரும்பினாள். "உங்ககிட்ட அனுப்பக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அதான் இங்கே."

நகல்களை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நடையின் திருப்பம் வரைக்கும் போய்விட்டேன். இது என் குற்றமில்லை, எழுத்தில் வாங்கியிருக்கிறேன், கெஸ்லர் அம்மா பாடம் நடத்தாததற்கு நான் என்ன செய்வேன் – எல்லாம் சொல்லிப் பார்த்தேன். பாழாய்ப்போன கால் நகரவில்லை. திரும்பிப் போனேன்.

"எந்திரிங்க."

"நாங்க ஒண்ணும் பண்ணல, மேம்."

"பண்ணினீங்கன்னு நான் சொன்னேனா? எந்திரிங்க."

கையெழுத்து வாங்கியதும் நான், மீறியதும் நான். அல்ஜீப்ரா வகுப்பில், முதல் வரிசைக்கு முன்னால் நாலு நாற்காலி போட்டேன். உட்கார வைக்கக் கூட்டி வரவில்லை, கணக்குப் போடத்தான் என்று சொன்னேன். நாளைக்கு ஹாலட்டிடம் போய் நாலு பேரையும் என் பட்டியலில் சேர்க்கச் சொல்ல வேண்டும். முடியாது என்பார். அதற்கு ஒரு சண்டை.

நாலு பேரில் ஒருத்தரிடமும் பென்சில் இல்லை.