பொக்கெட் வேண்டாம்

கொட்டாஞ்சேனை,
வெள்ளிக்கிழமை, மத்தியானம்.

அன்புள்ள ஜுமானாவுக்கு,

நீயும் உன் வீட்டாரும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவளின் பெயர் துஷாந்தினி. முதலில் அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடு. பிறகு இருந்து வாசி. என் அண்ணன் நோபேட் கூட வருவான்; அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவான். கல்முனைக்கு இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் ஒருத்தியை அனுப்புவதற்கு மன்னித்துக்கொள். போனில் சொல்லப் பயமாக இருந்தது.

நீ கல்யாணம் முடித்துப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் புறக்கோட்டைக்குப் போவதை நான் விடவில்லை. நடைபாதையில் பேல் மூட்டைகளைப் பிரித்துக் கொட்டும் பழைய உடுப்புக் குவியலுக்குள் இப்போதும் முழங்கைவரை கைவிட்டுத் துழாவுகிறேன். போன மாதம் இரண்டு ஆம்பிளைக் கோட்டுகளை வெட்டி ஒரு பாவாடை தைத்தேன். நீ இருந்தபோது படம் பிடிக்க நீ, உடுத்திக்கொண்டு நிற்க நான்; சில படங்களில் இருவரும் சேர்ந்து நிற்போம். இப்போது போனைச் சுவரில் சாய்த்துவைத்து நானே பிடித்துக்கொள்கிறேன். இன்ஸ்டகிராமில் நம்முடைய பக்கத்துக்கு ஆட்கள் கூடிக்கொண்டே வந்தார்கள். அந்தச் சந்தோசத்தில்தான் எனக்குக் கண் தெரியாமல் போனது.

ஐந்து மாதத்துக்கு முன் சாந்தகுமார் என்று ஒருவர் எழுதினார். வெள்ளவத்தையில் இருக்கிறாராம். நான் படத்தில் போட்டிருந்த, கவுன் மாதிரி நீளமான நீலச் சட்டையைப் போலவே மனைவிக்கு ஒன்று வேண்டுமாம். அளவுகளை அழகாக எழுதி அனுப்பினார். பின்பக்கம் கழுத்திலிருந்து இடுப்புவரை சின்னச் சின்னப் பொத்தான்கள் வைக்கச் சொன்னார். கடைசியில் ஒரு வரி: பொக்கெட் வேண்டாம்.

நான் எந்தச் சட்டைக்கும் பொக்கெட் வைக்காமல் விடமாட்டேன் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டபடி தைத்தேன். இருபத்தாறு பொத்தான், எல்லாம் பழைய சேர்ட்டுகளிலிருந்து வெட்டியெடுத்தவை. அந்த வரிசையைப் படம் பிடித்துப் பெருமையாகப் பக்கத்தில் வேறு போட்டேன். மாதத்துக்கு ஒன்றாக ஐந்து சட்டை. ஒவ்வொன்றிலும் அதே பொத்தான்கள், அதே கடைசி வரி. ஒவ்வொரு முறையும் இடுப்பளவு மட்டும் குறைந்துகொண்டு வந்தது. அளக்கத் தெரியாத மனிசன் என்று சிரித்தேன், ஜுமானா. அதை நினைத்தால் இப்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

மூன்று கிழமைக்கு முன், கடைசிச் சட்டை சரியாக இல்லை, வந்து பார்த்துத் திருத்தித் தரவேண்டும் என்று கூப்பிட்டார். கடலோர ஒழுங்கையில் நாலாம் மாடி. வெளியிலிருந்து பூட்டியிருந்த கதவை அவர்தான் திறந்தார். உள்ளே இந்தத் துஷாந்தினி நான் தைத்த சட்டையோடு நின்றாள். படத்தில் நான் இருப்பதுபோலவே தலைமயிரை வெட்டி, நான் எடுக்கிற பக்கத்திலேயே வகிடு எடுத்திருந்தாள். "உங்கள மாதிரி வடிவா உடுத்தப் பழக்கிறன், தங்கச்சி. இவவுக்கு ஒண்டும் தெரியாது" என்று அவர் சிரித்தார். அவள் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தானும் சிரித்தாள். இனி அவனை 'அவர்' என்று எழுத எனக்கு மனமில்லை.

பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றும்போதுதான் விளங்கியது. அந்தச் சட்டையை அவளால் தானாகப் போடவும் முடியாது, கிழிக்காமல் கழற்றவும் முடியாது. காலையில் அவன் பொத்தான்களைப் பூட்டிவிட்டுப் போனால், பின்னேரம் வந்து திறக்கும்வரை அவள் அதற்குள்தான். இடுப்பைப் பிடித்துப் பார்த்தேன். அளவில் பிழையே இல்லை. ஐந்து மாதத்தில் அவள் அப்படித்தான் கரைந்திருந்தாள்.

அவன் போன் கதைக்கப் பல்கனிக்குப் போனான். அந்த நேரம் பார்த்துக் கீழே ரயில் போனது. அந்தச் சத்தத்துக்குள் அவள் சொன்னாள்: "அக்கா, உள்ளுக்க ஒரு பொக்கெட் வைச்சுத் தாங்கோ. ஐடி காட் கொள்ளுற அளவு காணும். அது எங்க கிடக்கெண்டு எனக்குத் தெரியும்." எங்கே போகப் போகிறீர்கள் என்று கேட்டேன். "தெரியாது. வெள்ளிக்கிழமையில கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போறவர்" என்றாள். ரயில் போய் முடிந்தது. அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

சட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தேன். உள்துணிக்கும் வெளித்துணிக்கும் நடுவில், சரசரக்காத பழைய பருத்திச் சேலைத் துண்டில் தட்டையாக ஒரு பொக்கெட் வைத்தேன். அதற்குள் என் விலாசம் எழுதிய சிறு துணி. ஒரு பக்கத் தையலைப் பிரித்து ஒற்றை நூலால் மட்டும் ஓட்டினேன்; அந்த நூலை உருவினால் பக்கம் முழுவதும் திறந்துகொள்ளும். திருப்பிக் கொடுத்தபோது அவன் சட்டையை உட்புறம் வெளியே புரட்டி, தையல் நெடுகிலும் விரலால் மெதுவாகத் தடவினான். விரல் ஓரிடத்தில் நின்றதுபோல இருந்தது. "நல்ல வேலை" என்று மட்டும் சொன்னான்.

நேற்று முன்தினம் நான் வேலையால் வந்தபோது அவன் எங்கள் முன்னறையில் இருந்தான். அம்மா தேத்தண்ணி கொடுத்திருந்தார். எந்த ஞாயிற்றுக்கிழமை நான் எந்தக் கடை வாசலில் நின்றேன் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. "முந்தி உங்களோட படத்தில நிக்கிற பிள்ளை, ஜுமானா என்ன, அவ இப்ப எங்க?" என்று கேட்டான். கட்டாருக்குப் போய்விட்டாள் என்று பொய் சொன்னேன். போகும்போது அடுத்த சட்டைக்கு அளவு எழுதிய தாளை மேசையில் வைத்தான். மனிசிக்குத்தான் என்றான். பிறகு எடுத்துப் பார்த்தேன். தோள், மார்பு, இடுப்பு, கை நீளம். அவை அவளுடைய அளவுகள் இல்லை. என்னுடையவை.

அம்மாவிடம் அதைக் காட்டவில்லை. பக்கத்தை மூடி, நீ நிற்கிற படங்களை அழித்துவிட்டேன். உன்னிடம் இருப்பவற்றையும் அழித்துவிடு.

இன்று காலை கோயிலில் அவன் செருப்பு வைக்கப் போன இடைவெளியில், அவள் பக்க வாசலால் வெளியேறி, துணியில் எழுதியிருந்த என் விலாசத்துக்குத் திரீவீலர் பிடித்து, பொக்கெட்டில் ஐடி காட்டோடு வந்து சேர்ந்தாள். போன வருடம் ஒருமுறை அவள் உதவி கேட்டுப் போன பொலிஸில், அவனையே கூப்பிட்டு அவனோடு அனுப்பிவிட்டார்களாம். அதனால் நேரே புதுக்கடைக் கோர்ட்டடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் இவளை நெருங்காமல் கோர்ட் உத்தரவு கேட்கும் மனுவில் லோயர் அஸீஸாவிடம் கையெழுத்து வைத்தாயிற்று. உத்தரவு கிடைக்கும்வரை இந்தப் பிள்ளை கொழும்பில் நிற்கக்கூடாது என்று அவர் சொன்னார். அப்போது எனக்கு உன் ஞாபகம் மட்டும்தான் வந்தது.

வீட்டுக்கு வந்து நூலை உருவிச் சட்டையைக் கழற்றிப் போட்டோம். பேல் உடுப்புச் சாக்கை அவிழ்த்து, விரும்பியதை எடுங்கள் என்றேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எத எடுக்கிறது, அக்கா?" என்று இரண்டு தரம் கேட்டாள். நான் சாக்கை அவள் பக்கம் தள்ளிவிட்டேன். கடைசியில் கட்டம் போட்ட தடித்த ஆம்பிளைச் சேர்ட் ஒன்றை எடுத்தாள். அவளைப்போல் இரண்டு பேர் கொள்ளும் அதற்குள். கையை மடித்துவிட வந்த அம்மாவை வேண்டாம் என்றாள். தானே மடித்தாள். முன்பக்கப் பொத்தான்களைத் தானே பூட்டினாள். பிழையாகப் பூட்டி, அவிழ்த்து, மறுபடி பூட்டினாள்.

அவளிடம் ஒன்றும் கேட்காதே. கதவைப் பூட்டுவதாக இருந்தால் அவளிடம் சொல்லிவிட்டுப் பூட்டு. உன் கணவரிடம் எதையும் மறைக்காதே. பஸ்ஸுக்கு நேரமாகிறது.

உன் வீட்டு வாசலை ஆண்டவன் காக்கட்டும்.

அன்புடன்,
ஐறீன்


கொட்டாஞ்சேனை,
பதினொரு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை.

அன்பு ஜுமானா,

நீ அஸீஸா மூலம் அனுப்பிய செய்தி கிடைத்தது. துஷாந்தினி மூன்று வேளையும் சாப்பிடுகிறாள், பகலில்கூடத் தூங்குகிறாள் என்று கேட்டதும் அம்மா அழுதுவிட்டார். இந்தக் கடிதத்தை அஸீஸாவின் கிளார்க் கையில் கொண்டுவந்து தருவார்.

இடைக்கால உத்தரவு கிடைத்துவிட்டது. அவன் அயன் பண்ணிய வெள்ளைச் சேர்ட்டில் வந்தான். மனைவிக்கு மனம் சரியில்லை, ஆட்கள் ஏமாற்றிக் கொண்டுபோய்விட்டார்கள் என்று நீதவானுக்கு முன்னால் அழுதான். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவளை நெருங்கவோ தொடர்புகொள்ளவோ கூடாது என்று கட்டளையிட்டார். வெளியே வந்தபோது அவன் கண்ணில் ஈரமே இல்லை. எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, "என்ட சட்டை ஓடர் முடிஞ்சுதா, தங்கச்சி?" என்று கேட்டான்.

உத்தரவில் அவளுடைய பெயர் இருக்கிறது. என்னுடைய பெயர் இல்லை. எனக்காகவும் அஸீஸா ஒரு முறைப்பாடு எழுதியிருக்கிறார். அதற்கு நாள் எடுக்குமாம்.

அம்மாவை நீர்கொழும்பில் பெரியம்மா வீட்டில் விட்டிருக்கிறேன். நோபேட்தான் என்னை வேலைக்குக் கொண்டுபோய்க் கூட்டிக்கொண்டு வருகிறான். காலையில் அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். படத்தில் வந்த எதையும் உடுத்த மனம் வருவதில்லை. அவன் பார்க்காத உடுப்பு என்னிடம் இரண்டுதான் இருக்கிறது. அவற்றையே மாற்றி மாற்றிப் போடுகிறேன்.

நேற்று ஒழுங்கை முகப்புக் கடைக்காரர் நோபேட்டை மறித்து, "தங்கச்சிக்குக் கலியாணம் பேசுறீங்களோ? ஒராள் வந்து நல்ல மரியாதையா விசாரிச்சவர். கல்முனைப் பக்கம் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினமோ எண்டும் கேட்டவர்" என்று சொன்னாராம்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்தக் கிழமைக்குள் அவளை வேறு இடத்துக்கு மாற்று. எங்கே என்று அஸீஸாவிடம் மட்டும் சொல். எனக்குச் சொல்லாதே. நான் கெஞ்சிக் கேட்டாலும் சொல்லாதே. என் போனிலிருந்து, என் குரலிலேயே கேட்டாலும் சொல்லாதே, ஜுமானா.

உங்கள் எல்லோரையும் ஆண்டவன் தன் கைக்குள் வைத்திருக்கட்டும். தொழுகை முடிந்து அவளுக்காகத் துஆக் கேட்கும்போது, எனக்கும் சேர்த்துக் கேள்.

என்றும் உன்,
ஐறீன்